வாட்டர் கூலிங் பம்ப் எந்த வேகத்தில் ஓட வேண்டும்?

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியட்டும். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் தோட்டத்தை ஒட்டிய தாமான் (குடியிருப்பு) வீடு. மேல்மாடி அறை, ஏர்கோன் கிடையாது. கம்ப்யூட்டரைக் குளிர்விக்க நீங்களே கட்டிய லூப்பில் (தண்ணீர் சுற்றி வரும் குழாய் வட்டம்) ஒரு டி5 பி.டபிள்யூ.எம். பம்ப் (போர்டு அனுப்பும் சிக்னலால் வேகம் மாறும் வகை), தண்ணீரை ஆற்ற 360, 240 மில்லிமீட்டர் அளவில் இரண்டு ரேடியேட்டர், சி.பி.யூ.வுக்கு ஒரு பிளாக் (சிப்பின் சூட்டைத் தண்ணீருக்கு ஏற்றும் செப்புத் துண்டு), கிராபிக்ஸ் சிப்பான ஜி.பி.யூ.வுக்கு ஒரு பிளாக். கேம் ஆடும்போது இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 400 வாட் இழுக்கின்றன. பம்பை சி.பி.யூ. சூட்டோடு இணைத்து வைத்திருப்பதால் பிரௌசரைத் திறந்தாலே 'ஊ' என்று ஏறி இறங்குகிறது. பக்கத்து அறையில் அம்மாவுக்குத் தூக்கம் கெடுகிறது. வேகத்தைக் குறைக்கலாம் என்றால் சூடு ஏறிவிடுமோ என்று பயம். நண்பர் ஒருவரோ, "மெதுவாக ஓடவிடு, தண்ணீர் ரேடியேட்டரில் நின்று நிதானமாக ஆறட்டும்" என்கிறார். யார் சொல்வது சரி?

முடிவை முதலிலேயே சொல்கிறேன். பம்பை எந்தச் சூட்டோடும் இணைக்காதீர்கள். ஒரே வேகத்தில் நிறுத்திவிடுங்கள். உங்கள் லூப்புக்கு 50லிருந்து 65 சதவீதத்துக்குள் எங்கேயாவது அந்த வேகம் இருக்கும். சரியான இடத்தை ஒரு ராத்திரி உட்கார்ந்து தேடினால் கண்டுபிடித்துவிடலாம். ஏறி இறங்கும் வேலையைக் காற்றாடிகளிடம் விடுங்கள், அவையும் சி.பி.யூ. சூட்டைப் பார்த்து அல்ல, தண்ணீரின் சூட்டைப் பார்த்து. நான் செம்பனை ஆலையில் இன்ஸ்ட்ருமென்ட் பிரிவில் வேலை செய்கிறவன். பாய்லருக்குத் தண்ணீர் ஏற்றும் பம்பானாலும் உங்கள் மேசைக்குக் கீழே இருக்கிற உள்ளங்கை அளவு பம்பானாலும் கணக்கு ஒன்றுதான்.

முதலில் அந்த நண்பரின் பேச்சுக்கு வருவோம். தண்ணீர் மெதுவாகப் போனால் ரேடியேட்டரில் அதிக நேரம் இருக்கும் என்பது உண்மை. ஆனால் பிளாக்குக்குள்ளும் அதே அளவு அதிக நேரம் இருக்குமே! இது சுற்றிச் சுற்றி வருகிற தண்ணீர். ஓரிடத்தில் மட்டும் மெதுவாகவும் இன்னோரிடத்தில் வேகமாகவும் போக முடியாது. மெதுவாகப் போகும் தண்ணீர் பிளாக்கிலிருந்து அதிகம் சூடாகி வெளியே வரும், ரேடியேட்டரில் அதிகம் ஆறும், மொத்தத்தில் வெளியேற்றும் சூடு அதே 400 வாட்தான். மாறுவது ஒன்றே: லூப்பின் சூடான இடத்துக்கும் குளிர்ந்த இடத்துக்கும் உள்ள வித்தியாசம்.

இதை எண்ணில் பார்த்தால்தான் விளங்கும். ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க சுமார் 4186 ஜூல் வேண்டும். நிமிடத்துக்கு ஒரு லிட்டர் ஓட்டம் என்றால், 400 வாட்டை வாங்கிக்கொண்டு போகும் தண்ணீர் 5.7 டிகிரி ஏறும். இரண்டு லிட்டர் ஓடினால் 2.9. நான்கு லிட்டரில் 1.4. எட்டு லிட்டர் ஓடவைத்தால் 0.7. முதல் முறை இரட்டிப்பாக்கியபோது கிட்டத்தட்ட மூன்று டிகிரி கிடைத்தது. கடைசி முறை இரட்டிப்பாக்கியதற்குக் கிடைத்தது அரைக்கும் கொஞ்சம் மேல். அதற்காகப் பம்பைக் கதறவிட வேண்டுமா?

பிளாக்குக்குள் இருக்கும் மெல்லிய செப்புக் கால்வாய்களில் தண்ணீர் வேகமாகப் போகும்போது சூட்டை வாங்கும் திறனும் கூடும் என்பது இன்னொரு விஷயம். அதிலும் இதே கதைதான். மிகக் குறைந்த ஓட்டத்திலிருந்து நடுத்தர ஓட்டத்துக்குப் போகும்போது நல்ல பலன், அதற்குமேல் போகப் போகப் பலன் தேய்ந்துவிடும். என் அனுபவத்தில் மணிக்கு 60 லிட்டருக்குக் கீழே விடாதீர்கள். 120லிருந்து 200 வரை இருந்தால் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு அது தாராளம். வெளிநாட்டுக்காரர்கள் அடிக்கடி சொல்லும் 'ஒரு கேலன்' கணக்கு, அதாவது நிமிடத்துக்கு ஒரு அமெரிக்க கேலன், மணிக்கு 227 லிட்டர் ஆகிறது. அதை எட்டியே ஆக வேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை.

ஆக உங்கள் நண்பர் சொன்ன காரணம் தவறு, ஆனால் அவர் சொன்ன செயல், மெதுவாக ஓடவிடுவது, ஓரளவு சரி. வேகம் கூடினால் சூடு ஏறாது, கொஞ்சமாவது குறையத்தான் செய்யும். (பம்பின் மோட்டார் தரும் சூடும் தண்ணீரில்தான் இறங்குகிறது. டி5 முழு வேகத்தில் சுமார் 23 வாட் இழுக்கும். 400 வாட் லூப்பில் அது பெரிய விஷயமில்லை.) வேகத்தைக் குறைப்பதற்கு நியாயமான காரணங்கள் சத்தம், அதிர்வு, தேய்மானம். இவை மூன்றும் எவ்வளவு குறையும் என்பதில்தான் சுவாரசியம் இருக்கிறது.

ஆலையில் மோட்டார் வேகத்தைக் குறைக்கும் இன்வெர்ட்டர் போடும்போது நாங்கள் பார்க்கும் விதி இது. பம்பின் சுழற்சி பாதியானால் ஓட்டம் பாதியாகும். அது தள்ளும் அழுத்தம் நான்கில் ஒன்றாகும். அது கேட்கும் சக்தி எட்டில் ஒன்றாகும். டி5 பம்ப் முழு வேகத்தில் நிமிடத்துக்கு சுமார் 4800 சுற்று. அதை 2400க்கு இறக்கினால் ஓட்டம் பாதிதான் குறைகிறது, ஆனால் தண்ணீரைத் தள்ள அது செலவிடும் சக்தி எட்டில் ஒன்றுக்கு விழுந்துவிடுகிறது. (மின்சுற்றுக்கென்று ஒரு வாட் இரண்டு வாட் தனியாகப் போகும், அதனால் மின்சாரம் அப்படியே எட்டில் ஒன்றாகாது.) சத்தமும் அதோடு அடங்கும். மேலே சொன்ன கணக்கை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: நான்கு லிட்டரிலிருந்து இரண்டு லிட்டருக்கு இறங்கினால் இழப்பு ஒன்றரை டிகிரி. கிடைப்பது அம்மாவின் தூக்கம்.

இனி கம்பி வேலை. மதர்போர்டில் காற்றாடி, பம்ப் கம்பிகளைச் செருகும் நான்கு ஊசி ஹெடரில் முதல் ஊசி எர்த், இரண்டாவது 12 வோல்ட், மூன்றாவது சுழற்சியைத் திருப்பிச் சொல்லும் கம்பி, நான்காவது பி.டபிள்யூ.எம். கட்டளை. இந்தக் கட்டளை என்பது நொடிக்கு 25 ஆயிரம் முறை ஆன், ஆஃப் ஆகும் ஒரு சிக்னல். அதில் எவ்வளவு நேரம் ஆன் என்பதுதான் சதவீதம். மூன்றாவது ஊசியில் ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு துடிப்பு வரும், போர்டு அதை எண்ணி வேகமாகக் காட்டும்.

உங்கள் பம்பின் வாலைக் கையில் எடுத்துப் பாருங்கள். இரண்டு கிளைகளாகப் பிரியும். ஒன்று பவர் சப்ளைக்குப் போகும் மோலெக்ஸ் அல்லது சாட்டா முனை, மஞ்சளும் கறுப்புமாக. மற்றது நான்கு ஓட்டை உள்ள ஹெடர் முனை. ஆனால் அதற்குள் டார்ச் அடித்துப் பார்த்தால் பெரும்பாலும் இரண்டு ஓட்டைகளில்தான் கம்பி இருக்கும், மற்ற இரண்டும் காலி. கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று நினைத்துவிடாதீர்கள், அப்படித்தான் இருக்க வேண்டும். பம்ப் குடிக்கும் மின்சாரம் நேராகப் பவர் சப்ளையிலிருந்து வருகிறது. போர்டிலிருந்து போவது கட்டளை மட்டும், திரும்பி வருவது சுழற்சிக் கணக்கு மட்டும். சாதாரண காற்றாடி ஹெடர் பெரும்பாலும் ஒரு ஆம்பியர்தான் தாங்கும், அதாவது 12 வாட். 23 வாட் பம்பை அதில் தொங்கவிட்டால் ஹெடர் கருகிவிடலாம். அதற்காகத்தான் இந்தப் பிரிவினை.

இதிலிருந்தே இன்னொரு சிக்கலும் விளங்கும். "பயாஸில் 30 சதவீதம் வைத்தும் வேகம் மாறவே இல்லை" என்று பலர் புலம்புவார்கள். (பயாஸ் என்பது விண்டோஸுக்கு முன்பே திறக்கும், போர்டின் அமைப்புத் திரை.) ஹெடர் டி.சி. முறையில் இருந்தால் அது இரண்டாவது ஊசியின் வோல்ட்டைத்தான் குறைக்கும். உங்கள் பம்பில் அந்த ஊசிக்குக் கம்பியே கிடையாது, பிறகு எப்படி மாறும்? பயாஸில் அந்த ஹெடரை 'ஆட்டோ' என்று விடாமல் பி.டபிள்யூ.எம். என்று கட்டாயப்படுத்துங்கள். 'ஆட்டோ' சில சமயம் தப்பாக ஊகிக்கும்.

கட்டளைக் கம்பி கழன்றிருந்தால் பம்ப் நிற்காது, தன்னிஷ்டமான ஒரு வேகத்தில் ஓடும். சில டி5 பம்புகள் அப்போது 60 சதவீதத்தில் ஓடும், சில முழு வேகத்தில். உங்களுடையது எது என்று இன்றே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். பம்ப் ஓடும்போது ஹெடர் முனையை மட்டும் கழற்றினால் தெரிந்துவிடும். தண்ணீர் நிரப்பும் நாளில், போர்டுக்கு மின்சாரம் கொடுக்காமல் பவர் சப்ளையை மட்டும் 24 ஊசி முனையில் பச்சைக் கம்பியைக் கறுப்போடு இணைத்து ஓடவிடுகிறீர்களே, அப்போது பம்ப் ஓடுவதும் இந்த வேகத்தில்தான். தொட்டியில் தண்ணீர் தீர்ந்து பம்ப் காற்றைக் குடிக்கும் நிலை மட்டும் வரக்கூடாது. டி5க்குள் சுழலும் பாகம் ஒரு சின்ன உருண்டை மேல் உட்கார்ந்திருக்கிறது. அதற்கு எண்ணெய் எல்லாம் கிடையாது, உராய்வைக் குறைப்பதும் குளிர்விப்பதும் அந்தத் தண்ணீரேதான்.

சி.பி.யூ. சூட்டை ஏன் நம்பக்கூடாது என்பதற்கு இப்போது வரலாம். உங்கள் பம்ப் ஊளையிடுவதன் மூலக் காரணமே இதுதான். இந்தக் காலத்து சி.பி.யூ. ஒரு பக்கத்தைத் திறந்தால் போதும், 45லிருந்து 70 டிகிரிக்கு ஒரு நொடியில் தாவும், அடுத்த நொடியே இறங்கிவிடும். அது விரல்நக அளவு சிலிக்கான் துண்டின் சூடு. தண்ணீருக்கு அந்தச் செய்தி போய்ச் சேர்ந்திருக்கவே இருக்காது. உங்கள் லூப்பில் 1.2 லிட்டர் தண்ணீர் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ரேடியேட்டர் ஒரு துளி சூட்டைக்கூட வெளியே விடவில்லை என்றாலும், முழு 400 வாட்டும் இறங்கி அந்தத் தண்ணீர் ஒரு டிகிரி ஏற 12 நொடிக்கு மேல் ஆகும். இடி முழக்கத்துக்கெல்லாம் குடை விரிப்பது மாதிரி உங்கள் பம்ப் ஒவ்வொரு தாவலுக்கும் பதறி எழுந்து உட்காருகிறது. பயாஸில் 'ஸ்டெப் அப்' நேரத்தை, அதாவது வேகம் ஏறுமுன் தாமதிக்கும் நேரத்தை, கூட்டிப் பதற்றத்தை மழுப்பலாம், பலர் அதைத்தான் செய்கிறார்கள். எனக்கு அது பிடிக்காது. அளவிட வேண்டியதை விட்டுவிட்டு வேறெதையோ அளந்து, பிறகு அதைத் தாமதப்படுத்துவானேன்?

தண்ணீரின் சூட்டை அளக்க ஒரு சென்சர் வாங்கிக்கொள்ளுங்கள். ஜி 1/4 திருகு மரையுள்ள ஒரு அடைப்பான், அதற்குள் 10 கிலோ ஓம் தெர்மிஸ்டர் (சூட்டுக்கு ஏற்ப மின்தடை மாறும் துண்டு), இரண்டு கம்பி. ரேடியேட்டரில் சும்மா இருக்கிற ஓட்டையில் திருகிவிட்டு, கம்பியை போர்டில் வெப்ப சென்சருக்கென்று இருக்கும் இரண்டு ஊசியில் செருகுங்கள். இரண்டு கம்பியில் எதை எங்கே செருகினாலும் ஒன்றுதான், முன்பின் கிடையாது. ஈப்போ கடைகளில் கிடைக்கவில்லை என்றால் ஷாப்பி இணையக் கடையில் தேடுங்கள், கோலாலம்பூர் போகிறவர்கள் லோ யாட் கம்ப்யூட்டர் கடைத்தொகுதியில் பார்க்கலாம். சில போர்டுகளில் சி.பி.யூ. காற்றாடி ஹெடர் சி.பி.யூ. சூட்டை மட்டும்தான் பார்க்கும், கேஸ் காற்றாடி ஹெடர்கள்தான் இந்தச் சென்சரைப் பார்க்கும். அதனால் ரேடியேட்டர் காற்றாடிகளைக் கேஸ் ஹெடருக்கு மாற்ற வேண்டிவரலாம்.

காற்றாடி வளைகோட்டை, அதாவது எந்தச் சூட்டுக்கு எந்த வேகம் என்ற கோட்டை, எங்கே தொடங்குவது என்பதில்தான் நம் ஊர்க்காரர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். வெளிநாட்டு வீடியோவில் ஒருவர், தண்ணீர் 30 டிகிரி வரை காற்றாடி அமைதி, 40 வந்தால் முழு வேகம் என்று சொல்வார். அவர் அறையில் 21 டிகிரி. நம் அறையில், அதுவும் உச்சிவெயிலில் கூரைக்குக் கீழே, 32, 33 சாதாரணம். லூப்பில் உள்ள தண்ணீர் அறையின் சூட்டுக்குக் கீழே இறங்கவே முடியாது. ரேடியேட்டரில் அடிக்கும் காற்றே 33 என்றால் தண்ணீர் எப்படி 30 ஆகும்? அந்த வளைகோட்டை அப்படியே போட்டால் காற்றாடிகள் காலையிலிருந்தே ஓங்கி ஓடும், கேம் திறந்ததும் உச்சத்துக்குப் போய்விடும், பிறகு "வாட்டர் கூலிங் நம் நாட்டுக்குச் சரிப்படாது" என்று பேச்சு வரும்.

நமக்குப் பார்க்க வேண்டியது தண்ணீருக்கும் அறைக்கும் உள்ள வித்தியாசம். உங்களிடம் இருக்கும் 360, 240 ரேடியேட்டர்களில் 400 வாட்டுக்கு, காற்றாடிகள் நடுத்தர வேகத்தில் ஓடும்போது, தண்ணீர் அறையைவிட 10 டிகிரி அளவில் மேலே நின்றால் திருப்தி. அறை 33 என்றால் தண்ணீர் 43. பயப்பட ஒன்றுமில்லை. இந்தப் பம்புகளுக்குப் பொதுவாகச் சொல்லும் எல்லை 60 டிகிரி. வளைத்துப் போடும் பெட்ஜி பிளாஸ்டிக் குழாய் அந்தச் சூட்டுக்கு முன்பே இளக ஆரம்பிக்கலாம் என்பதால் நான் 50ஐத் தாண்டவிடுவதில்லை. ஆகவே உங்கள் வளைகோடு: 38 டிகிரி வரை மெதுவாக, அங்கிருந்து சாய்வாக ஏறி 48ல் முழு வேகம். ராத்திரி அறை 26க்கு இறங்கும்போது அதே 400 வாட்டுக்குத் தண்ணீரும் அதற்கேற்பக் குறைந்த சூட்டில் நிற்கும், காற்றாடிகள் தாமாகவே மெதுவாகும். இன்னும் நுணுக்கமாகச் செய்ய ஆசையிருந்தால், காற்று உள்ளே வரும் இடத்தில் இரண்டாவது சென்சர் ஒன்றைக் கட்டி, இரண்டின் வித்தியாசத்தை மட்டும் பார்த்து ஓடவைக்கலாம். விண்டோஸில் ஃபேன் கண்ட்ரோல் என்ற இலவச மென்பொருள் ஒரு சென்சரிலிருந்து இன்னொன்றைக் கழித்துத் தரும். அக்வாகம்ப்யூட்டரின் குவாட்ரோ, ஆக்டோ மாதிரித் தனிக் கட்டுப்பாட்டுப் பலகை வைத்திருப்பவர்களும் இதைச் செய்யலாம். அவற்றில் தண்ணீர்ச் சூட்டை மட்டும் பார்க்கும் வளைகோடு என்றால் அது பலகைக்குள்ளேயே பதிந்திருக்கும், விண்டோஸ் தொங்கினாலும் கவலையில்லை.

மழைக்கால ஈரப்பதத்தில் குழாய் வியர்க்குமா என்றும் ஒருவர் முன்பு கேட்டார். அறையைவிடக் குளிராத தண்ணீரில் வியர்வை வராது.

இனி உங்கள் பம்புக்கான வேகத்தைத் தேடும் வேலை. ராத்திரி செய்யுங்கள், அறைச் சூடு ஒரே நிலையில் இருக்கும், சத்தமும் துல்லியமாகக் கேட்கும். காற்றாடிகளை ஒரே வேகத்தில் பூட்டிவிடுங்கள். கேம் அல்லது ஏதாவதொரு பாரச் சோதனையை ஓடவிட்டு, பம்பை 100 சதவீதத்தில் வைத்துத் தண்ணீர்ச் சூடு ஏறுவது நிற்கும்வரை காத்திருங்கள். கால் மணி நேரம், இருபது நிமிடம் ஆகும். அவசரப்பட்டால் எண்கள் பொய் சொல்லும். நின்றதும் மூன்று சூட்டையும் ஒரு தாளில் எழுதுங்கள்: அறை, தண்ணீர், ஜி.பி.யூ. பிறகு 80, 70, 60, 50, 40 என்று இறக்கி ஒவ்வொன்றிலும் அதே மாதிரி காத்திருந்து எழுதுங்கள்.

இந்தத் தாளில் நீங்கள் பார்க்க வேண்டியது ஜி.பி.யூ. சூட்டை அல்ல. இரண்டு கழித்தல் கணக்குகளை. ஜி.பி.யூ.விலிருந்து தண்ணீரைக் கழியுங்கள். தண்ணீரிலிருந்து அறையைக் கழியுங்கள். பம்ப் வேகத்துக்கு முக்கியமாக அசைவது முதல் எண். 100லிருந்து 60 வரை அது ஒரு டிகிரி, ஒன்றரை டிகிரி என்று தவழும், பிறகு ஓரிடத்தில் சட்டென்று எகிறத் தொடங்கும். அந்த எகிறும் இடத்துக்கு ஒரு படி மேலே நில்லுங்கள், அதுதான் உங்கள் வேகம். இரண்டாவது எண் பம்புக்குப் பெரிதாக அசையாது, அது ரேடியேட்டருக்கும் காற்றாடிக்கும் உரியது.

இந்தத் தாளைத் தூக்கிப் போடாதீர்கள், கேஸின் உட்பக்கம் ஒட்டி வையுங்கள். பல மாதம் கழித்து ஒருநாள் சூடு கூடியிருக்கும், என்ன காரணம் என்று தெரியாமல் முழிப்பீர்கள். அப்போது அதே பாரத்தில் இரண்டு கழித்தலையும் மறுபடி போடுங்கள். தண்ணீருக்கும் அறைக்கும் உள்ள வித்தியாசம் கூடியிருந்தால் ரேடியேட்டரைப் பாருங்கள். பழக்குலை ஏற்றிய லோரிகள் போகும் மண் சாலைக்கு அருகில் வீடு இருந்தால் செம்மண் தூசி வலையில் படிந்து, காற்று புகாமல் கம்பளம் மாதிரி ஆகியிருக்கும். அதற்குப் போய்ப் பம்ப் வேகத்தைக் கூட்டி என்ன பயன்? பெயின்ட் பிரஷ் எடுத்துத் தட்டிவிடுங்கள். ஜி.பி.யூ.வுக்கும் தண்ணீருக்கும் உள்ள வித்தியாசம் கூடியிருந்தால் கோளாறு இந்தப் பக்கம்: பம்ப் தளர்ந்திருக்கலாம், பிளாக்கின் கால்வாயில் கசடு அடைத்திருக்கலாம், சிப்புக்கும் பிளாக்குக்கும் நடுவே தடவிய பேஸ்ட் காய்ந்திருக்கலாம். சி.பி.யூ.விலும் சேர்ந்தே கூடியிருந்தால் ஓட்டம் குறைந்துவிட்டது என்றே கொள்ளலாம். ஒன்றில் மட்டும் என்றால் அந்த பிளாக்கைப் பாருங்கள். ஓட்டத்தை நேராக அளக்கும் சென்சர் வாங்க முடிந்தால் வாங்குங்கள், இல்லாவிட்டாலும் இந்தக் கழித்தல் பாதி வேலையைச் செய்துவிடும்.

சத்தத்தைப் பொறுத்தவரை, வேகம் குறையக் குறைய சத்தமும் ஒழுங்காகக் குறையும் என்று எதிர்பார்க்காதீர்கள். நடுவில் ஏதோ ஒரு வேகத்தில் கேஸின் பக்கத் தகடு கூடவே பாட ஆரம்பிக்கும். 58ல் அமைதி, 61ல் ரீங்காரம், 64ல் மறுபடி அமைதி என்றெல்லாம் நடக்கும். அதனால் தேர்ந்தெடுத்த வேகத்தைச் சுற்றி ஒவ்வொரு சதவீதமாக நகர்த்திக் கேளுங்கள். சத்தம் வரும்போது தகட்டில் விரலை வையுங்கள். உடனே அடங்கினால் குற்றவாளி பம்ப் அல்ல, தகடு. பம்புக்கும் கேஸுக்கும் நடுவே மெத்தென்ற ரப்பரோ ஸ்பாஞ்சோ வைத்தால் பாதிக்கு மேல் தீர்ந்துவிடும். ஒரே வேகத்தில் நிறுத்துவதில் உள்ள லாபமும் இதுதான்: ஏறி இறங்கும் பம்ப் ஒவ்வொரு தடவையும் அந்த ரீங்கார வேகத்தைக் கடந்துதான் போக வேண்டும். தவிர, மாறாத மெல்லிய சத்தத்தைக் காது சீக்கிரம் மறந்துவிடும், மாறுகிற சத்தத்தை மறக்காது.

கொளகொளவென்று கேட்டால் அது காற்று. புது லூப்பில் சில நாட்கள் இருக்கத்தான் செய்யும். அதை வெளியேற்ற மட்டும் பம்பை ஏற்றி இறக்குங்கள்: 100க்கு ஒரு நிமிடம், 40க்கு ஒரு நிமிடம், கேஸை அப்படி இப்படிச் சாய்த்தபடி. வேகத்தில் பிளாக்கிலிருந்து கிளம்பும் குமிழிகள், மெதுவாகும்போது ஒன்றுசேர்ந்து தொட்டிக்கு மேலே வந்துவிடும். தொட்டி சின்னதாக இருந்து பம்ப் முழு வேகத்தில் ஓடினால் நடுவில் ஒரு சுழி விழுந்து வெளியேறிய காற்றை மறுபடி உள்ளே இழுக்கும், அதையும் கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாதுகாப்பு விஷயத்தில் நான் கொஞ்சம் கறார். பம்பின் வேகத்தை விண்டோஸ் மென்பொருளில் வைக்காதீர்கள், பயாஸில் வையுங்கள். மென்பொருள் ஏறுவதற்கு முன்பும், அது செத்துப் போனாலும் பம்ப் தன் வேலையைச் செய்ய வேண்டும். காற்றாடியை மென்பொருளில் வைத்தால் குடி முழுகாது. தண்ணீர் சூடாக நேரமாகும் என்று மேலே பார்த்தோமே. பம்ப் நின்றால் அந்தக் கருணை கிடையாது, பிளாக்கில் இருக்கும் சிறங்கை தண்ணீர் சில நொடிகளில் கொதிநிலையை நோக்கிப் போகும், சி.பி.யூ. தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைந்துவிடும். கட்டளை 20 சதவீதத்துக்குக் கீழே போனால் சில பம்புகள் நின்றே விடும், அதனால் எந்த நிலையிலும் 35, 40க்குக் கீழே விடாதீர்கள். பம்பின் சுழற்சிக் கம்பியை சி.பி.யூ. காற்றாடி ஹெடருக்குக் கொடுங்கள், பயாஸில் அதற்குக் குறைந்தபட்ச சுழற்சி எச்சரிக்கையை இயக்குங்கள். பம்ப் ஓடாவிட்டால் கம்ப்யூட்டர் திறக்கும்போதே கத்தும். பயாஸை அப்டேட் செய்தாலோ, பட்டன் பேட்டரி தீர்ந்தாலோ இவை எல்லாம் அழிந்து பழைய நிலைக்குப் போய்விடும் என்பதை மறக்க வேண்டாம்.

நம் பக்கம் மத்தியானத்துக்குமேல் மின்னலுக்குப் பஞ்சமில்லை. மின்சாரம் போய் உடனே வந்தால் பம்புக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் வந்தவுடன் கம்ப்யூட்டர் தானாகத் திறக்கும்படி பயாஸில் வைத்திருந்தால் அதை எடுத்துவிடுங்கள். ஆளில்லாத வீட்டில் தண்ணீர் ஓடும் கம்ப்யூட்டர் தானாக விழிக்க வேண்டிய அவசியம் இல்லை.

லினக்ஸ் பயன்படுத்துகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: எல்.எம். சென்சர்ஸ் மென்பொருளோடு வரும் பி.டபிள்யூ.எம். கான்ஃபிக் என்ற கருவி ஒவ்வொரு ஹெடரையும் நிறுத்திப் பார்த்து எது எதற்கு உரியது என்று சோதிக்கும். பம்ப் இருக்கும் ஹெடரிலும் அதையே செய்யும். அந்தக் கருவியை ஓடவிடும் முன் பம்பின் ஹெடர் முனையைக் கழற்றிவிடுங்கள், பம்ப் தன்னிஷ்ட வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும், சோதனை முடிந்ததும் செருகிக்கொள்ளலாம்.

உங்கள் நண்பரிடம் இருப்பது டி.டி.சி. வகைச் சின்னப் பம்ப் என்றால் அவருக்குக் கணக்கு கொஞ்சம் மாறும். அது டி5யைவிட அழுத்தம் அதிகம் தள்ளும், பிளாக்குகள் நிறைய உள்ள இறுக்கமான லூப்புக்கு நல்லது, ஆனால் அடிப்பக்கத்து மின்சுற்று சூடாகும். கீழே காற்றுப் படுகிற மாதிரி வைத்து வேகத்தைக் குறைத்து ஓட்டினால் நீடிக்கும். ஹெடர் கம்பியே இல்லாத டி5, பின்னால் ஒன்றிலிருந்து ஐந்து வரை எண் போட்ட சின்னச் சக்கரம் உள்ளது என்றால், இத்தனை தலைவலியும் அவருக்கு இல்லை: ஒன்று 1800 சுற்று, ஐந்து 4800. ஸ்க்ரூ டிரைவரால் மூன்றில் திருப்பி விட்டால் 3300 சுற்று, பெரும்பாலான வீட்டு லூப்புக்கு அது போதும். சுழற்சிக் கம்பி மட்டும் அதில் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இருந்தால் அதை ஹெடரில் செருகி எச்சரிக்கையை இயக்கிவிடலாம்.

நீங்கள் இன்றைக்கு 60 சதவீதத்தில் நிறுத்திவிட்டுத் தூங்குங்கள். சென்சர் வந்து சேர்ந்ததும் அந்தத் தாளைப் போட்டு, எகிறும் இடம் எது என்று எழுதுங்கள், பார்க்கலாம். 60க்கு மேலேயே எகிறத் தொடங்கினால் பம்பைக் கூட்டுவதற்கு முன் சி.பி.யூ. பிளாக்கைக் கழற்றிப் பாருங்கள், உள்ளே போகும் ஓட்டையையும் வெளியே வரும் ஓட்டையையும் மாற்றிக் கட்டியிருக்கலாம்.